கொளல் வினாவும் ஆங்கில மடலும்

ஒரு பொருளைக் கொள்ள விரும்புகிறவன் அதனை உடையவனிடத்துக் கேட்கும் கேள்விக்குக் கொளல் வினா என்று பெயரிட்டனர் நம் இலக்கண நூலார். நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் அதுவும் ஒன்று. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ஏட்டிலிருந்து வந்ததன்று, கடைத்தெருவிலிருந்து வந்தது. ஒருவன் வணிகரை விளித்துப் பயறு இருக்கின்றதோ என்று கேட்கின்றான், அவ்வளவே. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மாணவர் இந்தப் பயற்றுக்கடை வாசலில் நின்றே வினாவின் இலக்கணத்தைக் கற்று வந்திருக்கின்றனர்.

இன்றைக்கு அந்த வணிகர் கொழும்பில் இருக்கின்றார். அல்லது இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கின்றார். கேட்கின்றவன் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு விரல் நடுங்க நிற்கின்றான். பயறு உண்டோ என்னும் அந்தப் பழைய கேள்வி ஆங்கிலத்திற் போக வேண்டியிருக்கின்றது. போகும் வழியில் அதற்குக் கையோ காலோ முறிந்துவிடுகின்றது.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கு ஆங்கில மடல் திருத்தும் வேலை எதற்கு என்று வாசகர் வினவலாம். அஃது அறியா வினாவா, விடை தெரிந்துகொண்டே கேட்கும் அறி வினாவா என்பது கேட்பவர் முகத்தைப் பார்த்தாலன்றித் தெரியாது. எப்படியாயினும் விடை சொல்லுகின்றேன். நான் கற்பிக்கும் கீழைத்தேயக் கல்லூரியிற் சனிக்கிழமை முற்பகல் பண்டித வகுப்பு முடிந்ததும், உயர்தரத்தில் வணிகப் பாடம் கற்கும் மாணவர் சிலரும் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் சிலரும் தாம் எழுதிய ஆங்கில வாக்கியங்களோடு வந்து சேருகின்றனர். ஆங்கில ஆசிரியர் அவற்றை முன்னரே பார்த்திருக்கின்றார். சிவப்பு மையாற் கோடிட்டுச் சரியான வாக்கியத்தை மேலே எழுதியும் இருக்கின்றார். ஏன் பிழை என்று கேட்டால், ஆங்கிலத்தில் அப்படித்தான் என்கின்றார். நாற்பது கொப்பிகளை ஒரே இரவில் திருத்துகின்றவர் அதற்குமேல் என்ன சொல்லுவார்? பிள்ளைகளுக்கோ காரணம் வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கின்றது. அதனாலேதான் என்னிடம் வருகின்றனர்.

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகன் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை விசாரித்துக் கொழும்புக் கம்பனிக்கு எழுதிய மடலை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் வாக்கியம்: 'ஐ வோன்ற் ரு நோ வட் இஸ் த பிறைஸ்.' விலை என்ன என்று அறிய விரும்புகிறேன் என்பது கருத்து. ஆங்கில ஆசிரியர் 'வட் இஸ் த பிறைஸ்' என்பதை வெட்டி 'வட் த பிறைஸ் இஸ்' என்று எழுதியிருந்தார். ஒரு சொல் முன்னும் பின்னுமாக மாறியதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

தமிழில் வினாவைத் தாங்குவது எழுத்து. சொல்லின் முதலில் எகரமும் யாவும், ஈற்றில் ஆவும் ஓவும், இரண்டிடத்திலும் ஏகாரமும் நின்று வினாப்பொருள் தரும் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். சொற்கள் எந்த வரிசையில் நின்றாலும் வினா வினாவாகவே நிற்கும். ஆகவே ஒரு வினாவை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்க வேண்டுமாயின், அதனைக் குலையாமல் முழுதாகத் தூக்கி வைத்து, பின்னால் 'என்று' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகின்றோம். விலை என்ன, விலை என்ன என்று அறிய விரும்புகிறேன். 'என்று' என்பது ஒரு கூடை. வினா, விடை, ஏவல், வைவு எதுவாயினும் அதில் வைத்துச் சுமக்கலாம்.

ஆங்கிலத்திலோ வினாவைத் தாங்குவது வரிசை. எழுவாய்க்கு முன்னே வினைச்சொல் வந்து நின்றால் அது கேள்வி. அம்மொழியிற் கேள்வியைச் சுமக்கும் கூடையும் இல்லை. ஆதலின் கேள்வியை உள்வாக்கியமாக்கும்போது அது கேள்வியன்று என்பதைக் காட்ட, வரிசையை மீண்டும் சாதாரண நிலைக்குத் திருப்பிவிடுகின்றனர். முன்னே போன வினைச்சொல் தன் இடத்துக்குத் திரும்புகின்றது. ஆம், இல்லை என்னும் விடையை வேண்டும் வினாவாயின், ஆகார ஓகாரங்களின் இடத்தில் 'வெதர்' என்ற சொல் வந்து நிற்கும். அதனாலே 'பிளீஸ் இன்ஃபோம் இஸ் இற் அவெய்லபிள்' என்பது 'வெதர் இற் இஸ் அவெய்லபிள்' என்றாகின்றது. இதைச் சொன்ன அன்று அந்தப் பையன் தன் கொப்பியில் இருந்த ஏழு வாக்கியங்களைத் தானே திருத்தினான். அவன் தமிழை மறந்து திருத்தவில்லை. 'என்று' இல்லாத ஒரு மொழி என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்துத் திருத்தினான்.

ஆங்கிலம் கற்கும் நேரத்தில் தமிழை நினைக்கவே கூடாது என்று சிலர் போதிக்கின்றனர். என்னால் அதை ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தின் வரலாறும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தொடங்கி 1855 வரை நடத்திய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் அருகருகே கற்பிக்கப்பட்டன. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அவரே 1868ஆம் ஆண்டில், நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை அச்சேற்றினார். நாவலர்தாமும் (1822–1879) பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். இலக்கணச் சுருக்கம் எழுதியவரும் அவரே. ஒரு மொழியின் இலக்கணம் மற்றதற்குப் பகை என்று இவர்கள் இருவரும் கருதியதாக அவர்கள் செய்த தொண்டிலே காணோம்.

மடலுக்குத் திரும்புவோம். அடுத்த வாக்கியம் காலத்தைப் பற்றியது. 'வீ ஆர் றன்னிங் எ ஷொப் சின்ஸ் ஃபைவ் இயேர்ஸ்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். ஐந்து வருடமாகக் கடை நடத்துகின்றோம் என்பது பொருள். அதே பிள்ளை, 'ஐ ஹாவ் சென்ற் த மணி யெஸ்ரடே' என்றும் எழுதியிருந்தாள். நேற்றுப் பணம் அனுப்பியிருக்கிறேன் என்பது பொருள். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஹாவ்' வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் வந்து நிற்கின்றது. கவனக்குறைவு என்று தோன்றும். இல்லை, அவள் தமிழுக்கு மிகவும் உண்மையாக நடந்திருக்கின்றாள்.

'நடத்துகின்றோம்' என்ற நிகழ்காலத்துக்குள்ளே ஐந்து வருடத்தையும் அடைக்கத் தமிழில் 'ஆக' என்ற ஒன்றே போதும். ஆங்கில நிகழ்காலத்தின் வயிறு சிறிது. அதற்குள் ஐந்து வருடம் கொள்ளாது. அன்று தொடங்கி இன்றுவரை வந்தது என்று காட்ட 'ஹாவ் பீன்' வேண்டும். ஐந்து வருடம் என்பது கால அளவு ஆதலின் 'சின்ஸ்' போய் 'ஃபோ' வர வேண்டும். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் மாத்திரம் 'சின்ஸ்' சரி. இனி 'அனுப்பியிருக்கிறேன்' என்பதைப் பாருங்கள். தமிழில் 'இரு' என்னும் துணைவினை நேற்றையும் ஏற்கும், போன வருடத்தையும் ஏற்கும். ஆங்கில 'ஹாவ்' இன்றைய நிலையை மாத்திரமே நோக்கி நிற்பது. நேற்று என்று நாளைக் குறித்தவுடன் அது விலகிவிடும். 'ஐ சென்ற் த மணி யெஸ்ரடே' என்பதே நேர். நாளைச் சொல்லாவிட்டால் 'ஐ ஹாவ் சென்ற் த மணி' என்று எழுதலாம். ஆனால் பணம் அனுப்பினவன் நாளைச் சொல்லாமல் இருப்பது வணிகத்துக்கு அழகன்று என்பது வேறு கதை.

நம் நூலார் வழுவை ஏழாக வகுத்தனர்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ஆங்கில மடல்களைத் திருத்துந்தோறும் இந்த ஏழும் என் கண்முன் வந்து நிற்கின்றன. திணை வழு மாத்திரம் அருமையாகவே வரும். பால்வழுவோ ஏராளம். அதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. 'த குட்ஸ் ஹஸ் அரைவ்ட்' என்று எழுதிய இளைஞன் ஒருவனை, அதைத் தமிழிற் சொல்லு என்றேன். 'சாமான்கள் வந்து சேர்ந்தது' என்றான். பிழை ஆங்கிலத்திலா நடந்தது? சாமான்கள் பலவின்பால், 'வந்து சேர்ந்தன' என்று முடிக்கத் தெரியாதவனுக்கு 'ஹாவ்' எங்கிருந்து வரும்? விலைகள் கூடிவிட்டது, கடிதங்கள் கிடைத்தது என்று வானொலியிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது. இந்த ஓர் இடத்தில் ஆங்கில ஆசிரியர்மீது குற்றமில்லை. தமிழ் ஆசிரியர்களாகிய எங்கள் வீட்டுக் குற்றம் அது.

மரபு வழுவுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. 'என்குவயர்' என்ற வினைக்குப் பின் 'அபௌற்' வரும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் வராது. தமிழில் விலையைப் பற்றி விசாரிக்கிறோம், விலையைப் பற்றிப் பேசுகிறோம். ஆதலின் பிள்ளைகள் இரண்டிலும் 'அபௌற்' இடுகின்றனர். ஏன் கூடாது என்று கேட்டால், யானையை மேய்ப்பவன் பாகன், ஆட்டை மேய்ப்பவன் இடையன் என்பதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம் என்கின்றேன். சிரித்துக்கொண்டு மனனம் செய்துவிடுகின்றனர்.

பணிவு என்பது இலக்கணமா, பழக்கமா? 'விலைப்பட்டியல் அனுப்பவும்' என்பது நம் நாட்டுத் தமிழ் மடலில் முழு மரியாதையுள்ள வாக்கியம். 'அறியத்தரவும்' என்பது அரசாங்கக் கந்தோர்களிலிருந்தும் வருவது. முன்னிலை ஒருமை விகுதி இல்லாமையால் யாரையும் நீ என்று சுட்டாத தன்மை அதற்கு உண்டு. நம் வியங்கோளுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்று சொல்லலாம். அதை அப்படியே பெயர்த்து 'சென்ட் த பிறைஸ் லிஸ்ற்' என்று எழுதினால், அந்தப் பக்கத்தில் இருப்பவர் வேலைக்காரனை ஏவிய குரலைக் கேட்கின்றார். 'கைன்ட்லி' என்று முன்னே சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான்; பூச்சூடிய ஏவல்.

ஆங்கிலேயர் இதற்குக் கையாளும் வழி நமக்குப் புதியதன்று. 'குட் யூ சென்ட்' என்று கேட்கின்றனர். அனுப்ப உங்களால் இயலுமா என்பது சொற்பொருள். அனுப்புங்கள் என்பதே கருத்து. சாத்தனைப் பார்த்து உண்டாயா என்று கேட்டு அவனை உண்ணச் செய்வதை ஏவல் வினா என்றனர் நம்மவர். அந்த ஏவல் வினாவே இது. 'வுட் யூ லைக்' என்று கடைக்காரர் கேட்பது, கொடுப்பதற்காகக் கேட்கும் கொடை வினா. இதனைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒன்று சொல்லுகின்றேன். அடையாள அட்டையின் பிரதியை அனுப்ப முடியுமா என்று ஒரு நிறுவனம் ஆங்கிலத்திற் கேட்டதற்கு, என் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒருத்தி, 'யெஸ், ஐ கான்' என்று பதில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாள். இரண்டு கிழமை இரு பக்கத்தாரும் காத்திருந்தனர்.

பணிவு மிகுந்தாலும் தொல்லைதான். மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய முதியவர்கள் எழுதிய ஆங்கிலத்தை என் சிறுபராயத்திற் கண்டிருக்கின்றேன். காற்புள்ளி கூடப் பிசகாது. ஆனால் கால் றாத்தல் ஆணி வாங்குவதற்கும், 'தங்கள் மிகத் தாழ்மையுள்ள ஊழியன்' என்று முடிப்பார்கள். அந்தக் காலத்து மேலதிகாரிக்கு எழுதியெழுதிப் பழகிய கை. 'டு த நீட்ஃபுல்' என்னும் தொடர் அவர்களிடமிருந்தே இன்றைய பிள்ளைகளுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆவன செய்யவும் என்பதற்கு அது நல்ல மொழிபெயர்ப்புத்தான். எனினும், என்ன ஆக வேண்டும் என்பதைச் சொல்லாமலே விடுவதற்கு அதைவிட வசதியான தொடர் இல்லை. விலையா, மாதிரியா, திருப்பிக் கொடுத்தலா, எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் என்பது என் கட்சி.

இவையெல்லாம் மதிப்பெண்ணுக்கு வந்த கேடு. காசுக்கு வந்த கேட்டை இனிச் சொல்லுகின்றேன். என்னிடம் முன்னர் தமிழ் படித்த ஒரு பெண் பனம்பொருட் கடை ஒன்றை நடத்துகின்றாள். ஒடியல், பனாட்டு, பனங்கட்டி இவை அவள் வியாபாரம். ரொறன்ரோவில் ஓர் ஊர்ச்சங்கத்தார் கோடைகால ஒன்றுகூடலுக்குக் கூழ் காய்ச்ச எண்ணினர். அதற்கு ஒடியல் மா வேண்டும். சங்கத்தின் இளைஞர் ஒருவர், அங்கேயே பிறந்தவர், தமிழ் எழுதத் தெரியாதவர், தொலைபேசியில் ஆங்கிலத்திற் கேட்டார்: 'டோன்ற் யூ ஹாவ் ஒடியல் பிளவர்?' ஒடியல் மா இல்லையா என்பது அது. அவளிடம் அப்போது ஒடியல் மா இல்லை. 'யெஸ்' என்று எழுதினாள். மறுநாட் காலை நாற்பது கிலோவுக்குப் பணம் வந்து சேர்ந்தது.

அவள் எழுதியது தமிழ் விடை. மா இல்லையோ என்றால், ஓம், இல்லை என்போம். நம் 'ஓம்' கேட்டவரோடு உடன்படுகின்றது. நீங்கள் நினைத்தது சரி என்கின்றது. ஆங்கில 'யெஸ்' கேட்டவரைப் பொருட்படுத்துவதில்லை, பொருளை நோக்குகின்றது. பொருள் உண்டாயின் 'யெஸ்', இல்லையாயின் 'நோ'. கேள்வி எந்த முகத்தோடு வந்தாலும் அப்படியே. யப்பானிய மொழியும் இவ்விடத்தில் நம் பக்கம் நிற்பது என்று அறிந்தவர் சொல்லுவர். ஆகவே இது நம் அறியாமை என்று குனிய வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசத்தை அறிந்திருக்க வேண்டும். அவள் பணத்தைத் திருப்பி அனுப்பினாள். வங்கிக் கழிவு அவள் தலையில் விழுந்தது. சங்கத்தார் வேறிடத்தில் மா வாங்கினர். அதற்குப்பின் அவர்கள் அவளிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு மொழியும் தம் தம் இலக்கணப்படி சரியாகவே பேசியிருக்க, ஒரு குடும்பத்தின் வருவாய் குறைந்தது.

அவள் வந்து அழுதபோது நான் தொல்காப்பியத்தை எடுத்தேன். இஃது என்ன பண்டிதத்தனம் என்று சிரிக்க வேண்டாம். கிளவியாக்கத்தில் ஆசிரியர், கடைக்காரருக்கென்றே சொன்னாற்போல ஒரு விதி சொல்லியிருக்கின்றார். ஒரு பொருளை 'அல்லது இல்லை' என்னும் வாய்பாட்டால் மறுக்கும்போது, கேட்ட பொருளைச் சொல்லாமல் வேறு பொருளைச் சொல்லுக என்பது அதன் சாரம். பயறு கேட்டவனுக்கு, உழுந்தல்லது இல்லை என்பது விடை. கேட்ட பொருளையே சொல்ல நேர்ந்தால், இந்தப் பயறல்லது இல்லை என்று சுட்டிச் சொல்லுக என்பது அடுத்த விதி. முதல் விடையைப் பாருங்கள். பயறு இல்லை என்பதும் விளங்கிவிட்டது. என்ன இருக்கின்றது என்பதும் விளங்கிவிட்டது. வாங்க வந்தவன் வெறுங்கையோடு திரும்பாமல் ஒரு கணம் நின்று யோசிக்க இடமும் உண்டாயிற்று. இதைவிடச் சுருக்கமான வணிக விடையை எந்த ஆங்கில மடல் வழிகாட்டியிலும் நான் கண்டிலேன்.

அவள் கடையில் அன்று புழுக்கொடியல் மா இருந்தது. அவித்துக் காயவைத்த கிழங்கின் மா அது. கூழுக்கு ஏற்றதன்று, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உண்ணலாம். புழுக்கொடியல் மா அல்லது இல்லை. இதனை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முதலில் 'புழுக்கொடியல் பிளவர் ஒன்லி இஸ் தேர்' என்று எழுதினாள். நம் 'தான்' என்னும் சொல்லின் நிழல் அந்த 'ஒன்லி'. பிறகு தானே திருத்தி, 'நோ, வீ டோன்ற் ஹாவ் ஒடியல் பிளவர் நவ். வீ ஹாவ் ஒன்லி புழுக்கொடியல் பிளவர்' என்று எழுதினாள். இப்போது எதிர்மறைக் கேள்வி எது வந்தாலும் வெறும் 'யெஸ்', வெறும் 'நோ' எழுதுவதில்லை. முழு வாக்கியமாகவே எழுதுகின்றாள். முழு வாக்கியம் எழுதினவளுக்கு இந்த மயக்கம் வருவதே இல்லை.

ஆங்கில ஆசிரியர் நண்பர் சென்ற மாதம் என் வகுப்பில் வந்து பின்வாங்கில் அமர்ந்திருந்தார். முடிவில், 'பண்டிதர் ஐயா, அந்த வினா ஆறையும் விடை எட்டையும் எனக்கு ஒரு தாளில் எழுதித் தாருங்கள்' என்றார். எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு 'ஏ', 'த' என்னும் இரண்டு சிறு சொற்களை நீங்களே கற்பித்துவிடுங்கள் என்று என் தலையிற் கட்டிவிட்டுப் போனார். மாதிரி ஒன்று அனுப்புங்கள் என்பதற்கும், முன்பு பேசிய அந்த மாதிரியை அனுப்புங்கள் என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டில் அடங்கியிருக்கின்றது. நம் சுட்டெழுத்துக்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளையும் சுட்டும். ஆங்கிலத்துத் 'த' பெரும்பாலும் கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே சுட்டும். மாணவருட் சிலர் 'த'வை உப்பைப்போல எல்லாவற்றிலும் தூவுகின்றனர். சிலர் உப்பில்லாமலே சமைக்கின்றனர். அடுத்த தவணையிற் சுட்டெழுத்துப் பாடம் வரும்போதுதான் அதைத் தொட எண்ணியிருக்கின்றேன்.